பெயர்ப்பட்டியலுக்குப் பின் வரும் நான்கு நொடிகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனங்களின் லோகோக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் லோகோக்களை அச்சுப் படங்களாக வரிசையாக அடுக்கி, இது அழகு, இது அவலட்சணம் என்று மதிப்பெண் போட்டுவிட்டது. தொடர் முடிந்து நான்கு நொடி ஓடி மறைகிற ஒன்றை, நிறுத்திப் பிடித்த ஒரே படத்தை வைத்து எடைபோட முடியாது. எந்தக் கருவியில் எடுத்தார்கள், எந்த மாதிரி டிவியில் பார்த்தார்கள், எந்த ஸ்பீக்கரில் கேட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு அந்த உருவம் வந்தது. சில திருத்தங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். சேனலின் சின்னம் வேறு, தயாரிப்பாளரின் சின்னம் வேறு. வில்லியம் கோல்டன் 1951இல் வடிவமைத்த சிபிஎஸ் கண்ணும், 1956இல் வந்த என்பிசி மயிலும் அமெரிக்கச் சேனல்களுக்கு உரியவை. டெசிலு, ஸ்கிரீன் ஜெம்ஸ், எம்.டி.எம். போன்றவை நிகழ்ச்சியைத் தயாரித்துச் சேனலுக்கு விற்றவர்களின் முத்திரைகள். பிரிட்டனின் ஐடிவி நிறுவனங்களில் இந்த இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்ததால் கோடு கொஞ்சம் மங்கும். 1968இல் ஒளிபரப்பைத் தொடங்கிய தேம்ஸ் டெலிவிஷன், லண்டனின் கட்டடங்களையும் ஆற்றில் தெரியும் அவற்றின் நிழலையும் ஒட்டிவைத்த படத்தை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே காட்டியது. அமெரிக்கத் தயாரிப்பாளருக்குக் கிடைத்ததோ கடைசி இடம்; பார்ப்பவர் கை சேனலை மாற்றப் போகும் நேரம். முன்னால் வருவது வாருங்கள் என்று கூப்பிடலாம். பின்னால் வருவது நறுக்கென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜாக் வெப்பின் மார்க் VII நிறுவனத்தின் கார்டில், அதாவது லோகோ வரும் கடைசிப் படத்தில், சுத்தியல் இரண்டே அடி அடித்து VII என்ற எண்ணைப் பொறித்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான செயல் இல்லை.

கட்டுரையின் பெரிய பிழை, 1970களின் ஒளிரும் லோகோக்களை 'ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்' என்றது. அவற்றில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் பக்கமே போனதில்லை. மேலும் கீழும் நகரும் கேமரா, அதற்கு அடியில் ஒரு லைட் பாக்ஸ், அதன்மேல் எழுத்து மட்டும் கண்ணாடியாகத் தெளிந்து மற்ற இடமெல்லாம் கறுத்த கோடலித் ஃபிலிம்: பட்டறை இவ்வளவுதான். ஃபிலிமுக்கு அடியில் சிவப்புத் தாளை வைத்தால் எழுத்து சிவப்பு, நீலத்தை வைத்தால் நீலம். முதல் ஓட்டத்தில் எழுத்து மட்டும் பதிவாகும். கேமராவில் உள்ள ஃபிலிமை முதல் ஃபிரேமுக்கே திருப்பிச் சுற்றி, லென்ஸுக்கு முன்னால் மங்கலாக்கும் ஃபில்டர் மாட்டி மறுபடி எடுத்தால் எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும். எழுத்து வால் நட்சத்திரம்போல் நீள வேண்டுமானால் ஷட்டரைத் திறந்தபடியே கேமராவை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதே வேலை. நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் நான்கு நொடிக்கு 96. எழுத்து, ஒளிவட்டம், வால், பின்னணி என்று நான்கு ஓட்டம் என்றால் 384 எக்ஸ்போஷர், அத்தனையும் ஒரே ஃபிலிம் துண்டின்மேல். மூன்றாவது ஓட்டத்தில் எங்கோ ஒரு ஃபிரேம் எண்ணிக்கை தப்பினால் முதல் இரண்டு ஓட்டமும் சேர்ந்து குப்பைக்குப் போகும். விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் லோகோ துடிக்கும். கறுத்த பகுதியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் அது திரையில் வேண்டாத நட்சத்திரமாக மின்னும். லைட் பாக்ஸின்மேல் குனிந்து, மெல்லிய தூரிகையால் மையைத் தொட்டு அவற்றை ஒவ்வொன்றாக அடைப்பது தனி வேலை. அந்தக் கால லோகோக்கள் பலவும் கறுப்புப் பின்னணியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒளி படாத கறுப்பின்மேல்தான் அடுத்ததைச் சுத்தமாகப் பதிக்க முடியும்.

எழுத்து ரப்பராக வளைந்து சுருண்டு வந்தால் அது பெரும்பாலும் ஸ்கேனிமேட் வேலை. லீ ஹாரிசன் உருவாக்கிய இந்தக் கருவியும் அனலாக்தான். அதே கோடலித் படத்தை ஒரு கேமரா பார்க்கும். அது திரைக்குழாயில் விழும்போது மின்னழுத்தத்தை மாற்றி உருவத்தை வளைப்பார்கள். அந்தத் திரையை இன்னொரு கேமரா படம்பிடிக்கும். வண்ணம் அதற்குப் பிறகுதான். குமிழ்களையும் ஒயர்களையும் வைத்து அமைத்ததைச் சேமித்துவைக்க வழியில்லை. மறுநாள் அதே அசைவு வேண்டுமென்றால் ஏறக்குறைய அதேபோல்தான் கிடைக்கும், அச்சு அசலாகக் கிடைக்காது. மொத்தமே எட்டுக் கருவிகள்தான் செய்யப்பட்டன. நிஜமான கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கு உதாரணம் காட்ட வேண்டுமென்றால், 1982 நவம்பரில் தொடங்கிய சேனல் 4க்காக மார்ட்டின் லாம்பி நெய்ர்ன் வடிவமைத்த, பறந்துவந்து சேரும் வண்ணக் கட்டைகளைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போக வேண்டியிருந்தது.

ஸ்கிரீன் ஜெம்ஸின் 1965ஆம் ஆண்டு லோகோவை 'கண்ணை உறுத்தும் மஞ்சள் சிவப்பு' என்று கட்டுரையாளர் கேலி செய்கிறார். அதை வடிவமைத்த சர்மாயெஃப் அண்ட் கைஸ்மர் நிறுவனத்தார் விவரம் தெரியாமல் செய்திருக்க மாட்டார்கள். அன்று பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளை டிவி. வண்ணம் சாம்பலாக மாறும்போது சிவப்பின் பங்கு 30 சதவீதம், பச்சை 59, நீலம் 11. சிவப்பும் பச்சையும் சேர்ந்த மஞ்சள் 89. ஆக, 89இன்மேல் 30: மஞ்சள்மீது சிவப்பு, கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் பளிச்சென்று பிரிந்து தெரியும். நீலத்தின்மேல் சிவப்பை வைத்திருந்தால் 11இன்மேல் 30 என்று இருட்டோடு இருட்டாகப் போயிருக்கும்.

அடுத்து ஒலி. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எஸ் எழுத்தின் வடிவிலிருந்த மேற்சொன்ன லோகோவுக்கு இசையமைப்பாளர் எரிக் சைடே மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் அமைத்த சில சுரங்களால்தான் அதற்கு 'நரகத்து எஸ்' என்று பட்டப்பெயரே வந்தது. 1976இல் வந்த வயாகாம் நிறுவனத்தின் லோகோவையும் 'அழிவின் வி' என்றார்கள். பயத்துக்குக் காரணம் மாயமல்ல. தொடரின் இசை முடிந்து ஒரு கணம் அமைதி. பழக்கமான எந்த வாத்தியத்திலும் சேராத ஒலி. கூடவே ஓர் உருவம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. தனியாக உட்கார்ந்து பார்த்த குழந்தை வேறென்ன செய்யும்? அந்தக் கால டிவி ஸ்பீக்கரில் கீழ்ச்சுரம் சரியாகக் கேட்காது என்பதால் நடு ஸ்தாயியிலேயே கூர்மையாக அமைத்தார்கள். அது காதில் இன்னும் குத்தியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 24 ஃபிரேமில் எடுத்த ஃபிலிமை 25 ஃபிரேம் ஒளிபரப்பு உள்ள நாடுகளில் அப்படியே ஓட்டிவிடுவார்கள். 4 சதவீதம் வேகம் கூடும். சுரம் முக்கால் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலேறும். ஒரே லோகோவை இரண்டு நாடுகளில் கேட்டு வளர்ந்தவர்கள் 'எங்களுடையது வேறு பதிப்பு' என்று சண்டை போடுவது இதனால்தான்.

சிரிக்கவைத்த லோகோக்களுக்குப் பணம் அதிகம் தேவைப்படவில்லை. எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்கும் வளையத்தில் எம்.டி.எம். நிறுவனம் ஒரு பூனைக்குட்டியை மியாவ் சொல்லவைத்தது. தொடருக்கு ஏற்ப அதற்குப் போலீஸ் தொப்பியும் டாக்டர் முகமூடியும் போட்டார்கள். உபு என்ற தயாரிப்பு நிறுவனத்துக்கு வாயில் தட்டைக் கவ்விய நாயின் ஒரு புகைப்படமும் ஒரு குரலும் போதுமானதாக இருந்தன. அமெரிக்கத் தொடர்த் தயாரிப்பாளர் சக் லோரி 1997 முதல் கார்டு நிறைய எழுதித் தள்ளுகிறார், ஓரிரு நொடியில் யாரும் படிக்க முடியாது. படத்தை நிறுத்திப் படிக்கட்டும் என்பதே அதிலுள்ள குறும்பு. விதிகளையெல்லாம் மீறி வென்றது அது. பார்த்துவிட்டு வேறு யாரும் முயல வேண்டாம்.

வடிவம் புதியதுதானா என்று தேடிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976 சாட்சி. என்பிசி பெரும் செலவில் கொண்டுவந்த 'என்' எழுத்து, நெப்ராஸ்கா கல்வித் தொலைக்காட்சி சில நூறு டாலர்கூடச் செலவழிக்காமல் ஏற்கெனவே பயன்படுத்திவந்த சின்னத்தோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வழக்கு வந்து, 8 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கருவிகளும் 55,000 டாலர் ரொக்கமும் கொடுத்துத்தான் சமரசம் ஆனது.

இன்று லோகோ செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. 1920×1080 திரையில் எழுத்தெல்லாம் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு உள்ளே நிற்க வேண்டும். அதாவது விளிம்புக்கு 5 சதவீதம். ஒரே பிக்சல் தடிமனுள்ள படுக்கைக் கோடு, படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் இரண்டு ஃபீல்டுகளாக மாறி மாறி அனுப்பும் இன்டர்லேஸ் ஒளிபரப்பில், அவற்றில் ஒன்றில் மட்டுமே இருக்கும் என்பதால் படபடக்கும். மூன்று பிக்சலாவது வேண்டும். 0 முதல் 255 வரையான ஒளி அளவில் வெள்ளை 235ஐத் தாண்டக் கூடாது. அனலாக் காலத்தில் வெள்ளை எல்லை மீறினால் ஒலியிலேயே 'ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்டது, எழுத்து திரையில் இருக்கும் வரைக்கும். இப்போது அது வெட்டுப்பட்டு விளிம்பு முரடாகும். கறுப்பிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறும் பின்னணி, தரவைச் சுருக்கும் கம்ப்ரஷனில் படிக்கட்டாக உடையும். அதன்மேல் மெல்லிய புள்ளித் தூவலைச் சேர்த்தால் படி மறையும். பொன்துகள் பறக்கும் லோகோதான் எல்லாரும் கேட்பது. குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு அனுப்பும் தரவு குறையும்போது, முதலில் சதுரம் சதுரமாகச் சிதைவதும் அதுதான். ஒலி சராசரி ஐரோப்பிய விதிப்படி −23 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு), அமெரிக்காவில் −24. கடைசியாக ஒரு சோதனை: 1994இல் என்பிசி தொடங்கிவைத்த வழக்கத்தால் இறுதிப் பெயர்கள் திரையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. 54 பிக்சல் உயர எழுத்து மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் 18 பிக்சல். அந்த அளவில் பெயரைப் படிக்க முடியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அசைவைக் குறையுங்கள்.

தங்கள் கட்டுரை தொடாத ஒன்றே எனக்குப் பெரிய குறை. பழைய தொடர்களை மறுவெளியீடு செய்யும்போது அசல் லோகோவை எடுத்துவிட்டு இன்றைய உரிமையாளரின் லோகோவை ஒட்டிவிடுகிறார்கள். அசலில் தொடரின் இசையே கார்டின்மேல் நீண்டிருக்கும். ஒட்டும்போது அது பாதியில் அறுபடும், அல்லது புதுப் படத்தின்மேல் பழைய இசையின் வால் ஒலிக்கும். ஸ்டார் டிரெக்கின் முதல் பருவத்திலும் இரண்டாம் பருவத்தின் முற்பகுதியிலும் நிகழ்ச்சிக்குப் பின் டெசிலு பெயர் வந்ததும், 1967இல் அந்த நிறுவனம் கைமாறியபின் பாரமவுன்ட் பெயர் வந்ததும் ஒரு நிறுவனத்தின் கதையையே சொல்பவை. அசலை அதன் இசையோடு விட்டுவிட்டு, புதியவர் தன் லோகோவை அதன் பின்னால் இரண்டு நொடி சேர்த்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தங்கள் பக்கத்தில் வந்த பழைய படங்களில் இரண்டு, 4:3 அளவிலிருந்து 16:9க்கு வெட்டப்பட்டு உயரத்தில் கால்பங்கை இழந்தவை. ஒன்றில் நிறுவனத்தின் பெயரே பாதிதான் தெரிகிறது. அடுத்த முறை முழுப் படத்தையும் போட்டு, எந்தத் தொடரின் எந்த ஆண்டுப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதையும் அதன் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒளிபரப்பு வரைகலைஞர் ஒருவர்