ரத்தம் தெறிக்காத கொலைக் கதை வேண்டும் என்றாயே

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்

சரோ,

உன் வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். முதலாவதில் பிசியோதெரபி பெண்ணைத் திட்டுகிறாய், இரண்டாவதில் மருமகள் வைக்கும் ரசத்தைத் திட்டுகிறாய், மூன்றாவதில்தான் விஷயத்துக்கு வருகிறாய். ஆறு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாதாம், படிக்க ஏதாவது சொல்லு, கொலை இருக்கலாம், ரத்தம் தெறிக்கக் கூடாது, ராத்திரி தூக்கம் கெடக் கூடாது. சிரித்துவிட்டேன். ஹாஸ்டலில் பாக்கெட் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, கொலைகாரன் பெயரை மெஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நீ. அதற்காகவே இந்தக் கடிதத்தில் எந்தக் கதையின் முடிவையும் எழுதப்போவதில்லை.

நீ கேட்ட சாமானுக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'கோஸி மிஸ்டரி' என்கிறார்கள். கொலை நடக்கும், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும். ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், துப்பறிகிறவருக்குத் துப்பாக்கியும் கிடையாது, அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது. போன ஐப்பசி மழையில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை.

உனக்கு முதலில் வேரா வோங். 2023ல் வந்தது, எழுதியவர் இந்தோனேசியாவில் இருக்கும் ஜெஸ்ஸி சுடான்டோ. 'கொலைகாரர்களுக்கு வேரா வோங் கேட்காமலே சொல்லும் அறிவுரை' என்று தலைப்பைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் அறுபது வயது வேரா தனியாக ஒரு டீக்கடை நடத்துகிறாள், கடைக்கு ஆளே வருவதில்லை. பிரபலமான உடை வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கடைக்கு வைத்திருக்கிறாள், கேட்டால் என் பெயரும் கிட்டத்தட்ட அதுதானே என்பாள். ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்தால் கடைக்குள் ஒரு பிணம். நீயும் நானும் என்ன செய்வோம், கத்துவோம். வேரா மார்க்கர் பேனாவை எடுத்துப் பிணத்தைச் சுற்றித் தரையில் கோடு போடுகிறாள், டிவியில் பார்த்திருக்கிறாளே, போலீசுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. செத்தவன் கையில் இருந்த பென் டிரைவையும் எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறாள். அதைத் தேடிக்கொண்டு கொலைகாரன் தானாக வருவான் என்பது அவள் கணக்கு. அப்புறம் ஒவ்வொருவராகக் கடைக்கு வருகிறார்கள். சந்தேகப்பட வேண்டிய அத்தனை பேரையும் உட்காரவைத்து டீ கொடுத்து, சோறு போட்டு, உனக்கு உடம்பு ஏன் இப்படி இளைத்திருக்கிறது, எப்போது கல்யாணம் என்று விசாரிக்கிறாள். படிக்கப் படிக்க எனக்கு உன் பெரிய மாமியார்தான் கண்ணுக்குள் நின்றார்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது. இந்தக் கதைகள் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் புதிர் இல்லை, சரோ. நல்ல கதையில் துப்பறிகிறவளுடைய அன்றாட வேலையே துப்பறியும் முறையாகவும் இருக்கும். வேராவுக்கு விசாரணை என்று தனியாக ஒன்று கிடையாது, சாப்பிடவைப்பதுதான் விசாரணை. அந்தத் தொழிலை எழுத்தாளர் எப்போது மறக்கிறாரோ, அந்தப் பக்கத்திலேயே அவள் சாதாரண சி.ஐ.டி. ஆகிவிடுகிறாள், எனக்கும் கொட்டாவி வந்துவிடுகிறது. புத்தகக் கடைக்காரி துப்பறிகிறாள், பேக்கரிக்காரி துப்பறிகிறாள் என்று வருஷத்துக்கு எத்தனையோ வருகின்றன. பல புத்தகங்களில் பேக்கரி அட்டைப்படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் பாட்டி அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள்தான். உனக்குத் தெரியும், ஆனால் அவள் முதலில் எப்படி வந்தாள் தெரியுமா? 1927ல் ஒரு சிறுகதையில். முதல் நாவல் 1930ல்தான். அந்தச் சிறுகதையில் செவ்வாய்க்கிழமை ராத்திரி சிலபேர் கூடி, ஆளுக்கொரு தீராத மர்மம் சொல்வது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்து யார்டில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் கூட்டத்தில் உண்டு. மூலையில் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கிற கிழவி வாயைத் திறந்து, எங்கள் ஊரில் ஒரு அம்மாள் கடையில் இறால் வாங்கினாள், இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இறாலைக் காணோம், அதுகூட மர்மம்தான் என்கிறாள். கடைசியில் எல்லோரும் கோட்டைவிட்ட கொலையைக் கண்டுபிடிப்பது இறாலைப் பற்றி யோசித்த மூளைதான். ஊரில் பார்த்த ஆட்களின் சின்னச் சின்னக் கோணல்களை மனதில் வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறாள், புதிதாக ஒருவனைப் பார்த்ததும் இவன் அவனைப் போல என்று எடுத்து ஒட்டிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் வித்தை. நம் அத்தைமார்கள் பெண் பார்க்கப் போய்விட்டு வந்து திண்ணையில் பேசியது இதே வித்தைதானே.

மார்ப்பிளுக்கும் முன்னால் ஒருத்தி இருந்தாள். அதற்கு முந்தின வருஷம், 1926ல், அகதா கிறிஸ்டி எழுதிய நாவலில் ஒரு டாக்டருக்குக் கல்யாணமாகாத அக்கா, கரோலின் என்று பெயர். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி அத்தனையும் அவளிடம் வந்து சேரும். அந்த நாவலை நாடகமாக்கியபோது கரோலினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அழகான இளம்பெண் ஒருத்தியைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு மனசு ஆறவில்லை. கிராமத்து வாழ்க்கையில் அப்படி ஒரு கிழவிக்கு என்ன இடம் என்பது அவருக்குத் தெரியும். மார்ப்பிள் பிறந்தது அந்த வருத்தத்தில்தான் என்று அவரே பின்னாளில் யோசித்திருக்கிறார். கிறிஸ்டியம்மாவுடைய சொந்தத் தொழிலும் கதைக்குள் இருக்கிறது, பார்த்துக்கொள். முதல் உலகப் போரின்போது டார்க்கீ ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர், அதனால்தான் அவர் கதையில் விஷங்கள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கின்றன. 1920ல் வந்த முதல் நாவலைப் பாராட்டி மருந்தாளுநர்களின் பத்திரிகையே மதிப்புரை எழுதியதாம். எனக்கு அதைவிடப் பெரிய விருது எதுவும் தோன்றவில்லை.

சரி, நம்ம ஊர் மர்மம் ஒன்று கேள். எங்கள் அடுக்ககத்தில் தை மாசத்திலிருந்து பால் பாக்கெட் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வாசல் கதவில் பை மாட்டியிருப்போம், விடியற்காலையில் பால்காரப் பையன் போட்டுவிட்டுப் போவான், ஆறு மணிக்கு எடுக்கப் போனால் வெறும் பை. ஒரு நாள் எங்கள் வீட்டில், மறுநாள் கீழ் வீட்டில். மீட்டிங் போட்டார்கள். வாட்ச்மேன் பையனைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் மாடியில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை முகத்துக்கு நேரே கேட்டே விட்டார்கள், அப்புறம் கேமரா வைக்க ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள்.

தெருமுனை வேப்ப மரத்தடியில் அயர்ன் வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி இருக்கிறார் அல்லவா, நீ வந்தபோது உன் பட்டுப்புடவையைக் கொடுக்க பயந்தாயே, அவரேதான். புடவை வாங்கப் போனபோது என்னிடம் மட்டும் ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் முக்கோணங்கள், ஒன்பதோ பத்தோ. பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டுவோமே, அந்தத் துண்டு. எல்லாம் நீலம். இஸ்திரி போடுவதற்கு முன்னால் சட்டைப் பையைத் துழாவுவது அவர் பழக்கம், பேனா இருந்தால் சட்டை போச்சு, பிளாஸ்டிக் இருந்தால் பெட்டி போச்சு. எல்லாத் துண்டும் மூன்றாம் மாடி சார் சட்டையில் கிடைத்தவை. அவர் வீட்டுக்கு வருவது பச்சைப் பாக்கெட், அது அண்ணாச்சிக்குத் தெரியும், பால் பூத் அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே. முனைத் துண்டு சிங்க்கில் போய் அடைத்துக்கொள்ளும் என்று சார் மனைவி திட்டித் திட்டி, வெட்டியதும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவருக்குப் பழகிவிட்டதாம். அந்த அம்மா போன கார்த்திகையில் தவறிவிட்டார்கள். அதற்கப்புறம் சாருக்கு மாடிக் கணக்கு தப்புகிறது. வாக்கிங் போய்விட்டு ஏறி வருகிறவர் எந்தக் கதவு தன் கதவு என்று தோன்றுகிறதோ அங்கே கையை விட்டு எடுத்துக்கொள்கிறார், பிறகு தன் வீட்டு வாசலிலும் ஒன்று இருக்கும், அதையும் எடுத்துக்கொள்கிறார்.

செயலாளரிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அவுக போலீஸ்னு போவாக, நீங்க அவுக மகளுக்குப் போன் பண்ணுவீக" என்றார். பண்ணினேன். மகள் பெங்களூரிலிருந்து வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள், இப்போது கூடவே ஒரு ஆள் இருக்கிறார். கேமராப் பேச்சு நின்றுவிட்டது. பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் மட்டும் இதுவரை யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. நாவலாக இருந்தால் கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துக் கேட்கவைத்திருப்பார்கள்.

இனி உன் பழைய குற்றச்சாட்டு. இந்த மாதிரிக் கதையில் செத்தவனுக்காக ஒருத்தர்கூட அழுவதில்லை, பிணம் கிடக்கும், பக்கத்திலேயே கேக் வெட்டுவார்கள் என்று நீ சொன்னாயே. ரொம்ப நாள் மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பெரும்பாலும் உண்மைதான். டிவியில் 'மர்டர், ஷீ ரோட்' என்று ஒரு தொடர், 1984லிருந்து 1996 வரை ஓடியது, கேபட் கோவ் என்ற குட்டிக் கடற்கரை ஊரில் அத்தனை கொலை நடந்தும் ஒருவர்கூட வீட்டை விற்றுக்கொண்டு ஓடவில்லை.

ஆனால் செத்தவனுக்காக உண்மையாகத் துக்கப்படுகிற ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் துப்பறிவது ஆடுகள். சிரிக்காதே, செம்மறி ஆடுகளேதான். லியோனி ஸ்வான் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 2005ல் எழுதிய 'க்ளென்கில்'. அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலம், மேய்ப்பன் ஜார்ஜ் உடம்பில் மண்வெட்டி குத்தி நிற்கச் செத்துக் கிடக்கிறான். தினமும் தங்களுக்குக் கதை படித்துக் காட்டியவனைக் கொன்றது யார் என்று மந்தை யோசிக்க ஆரம்பிக்கிறது. அவன் படித்ததெல்லாம் பெரும்பாலும் காதல் கதை. ஒரே ஒரு துப்பறியும் கதை படித்தான், அதையும் பாதியில் விட்டுவிட்டான், ஆகவே மந்தைக்குத் துப்பறிதலில் அரைப் படிப்புதான். மந்தையிலேயே கெட்டிக்கார ஆட்டின் பெயர் மிஸ் மேப்பிள். பாதிரியார்தான் கடவுள் என்று ஆடுகள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கின்றன, அதனால் அவர் வரும் காட்சியெல்லாம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மனிதர்களின் பொய்யை அவை முகர்ந்துதான் பார்க்கின்றன, பயத்துக்கு ஒரு வாசனை, வியர்வைக்கு ஒரு வாசனை. நான் சொன்ன தொழில் கணக்கு இங்கேயும் சரியாக உட்காருகிறது, மேய்கிற தொழில். கண்டுபிடித்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் அவற்றின் கஷ்டம். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு எதையும் தொடவில்லை.

உன் பேத்திக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஃப்ளேவியா. பதினோரு வயசு, வீட்டிலேயே பழைய ரசாயனக் கூடம், விஷங்களின் மேல் கொள்ளை ஆசை. கதை நடப்பது 1950ல், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில். வெள்ளரிப் பாத்தியில் ஒருவன் மூச்சை விடுகிறான், இவள் பயப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறாள். அக்காவின் லிப்ஸ்டிக்கில் அரிப்புச் செடியின் சாற்றைக் கலக்குகிற பிள்ளை வேறு, அதனால் பேத்தி கையில் கொடுக்குமுன் யோசித்துக்கொள். எழுதிய ஆலன் பிராட்லி கனடாக்காரர், அந்த முதல் நாவல் 2009ல் வந்தபோது அவருக்கு எழுபது வயசு. எழுதும்போது இங்கிலாந்தை நேரில் பார்த்ததுகூட இல்லை. நாம் ரிட்டயர் ஆனதும் ஏதோ முடிந்துபோன மாதிரி பேசுகிறோம், பார்.

'தர்ஸ்டே மர்டர் கிளப்' எல்லோரும் படித்துவிட்டார்கள், 2020ல் வந்தது, சினிமாவும் ஆகிவிட்டது. கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு, நாலு பேர் வியாழக்கிழமை கூடிப் பழைய கொலை வழக்குகளை அலசுகிறார்கள். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, அறையை 'ஜப்பானிய ஓபரா: ஒரு கலந்துரையாடல்' என்ற பெயரில் பதிவு செய்திருக்கிறார்கள். முன்னாள் நர்ஸ் ஜாய்ஸ் எழுதும் டைரிக்காகவே படி. எலிசபெத் முன்னாள் உளவாளி, அவளை மட்டும் என்னால் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேலையே அதுதான் என்றால் அப்புறம் அதிலென்ன அதிசயம்.

நம்மிடம் ஏன் இப்படி ஒருத்தி வரவில்லை என்று யோசிக்கிறேன். சங்கர்லால் துப்பறியும் நிபுணர், கணேஷும் வசந்த்தும் வக்கீல்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாத நாவல்களில் போலீஸ்காரர்கள். நான் படித்தவரையில் பாட்டிகள் வந்தால் நகைக்காகச் செத்துப்போவார்கள், அல்லது இருமிக்கொண்டே சாட்சி சொல்வார்கள். தெருவில் கோலம் போட்டுக்கொண்டே யார் எத்தனை மணிக்கு வீடு திரும்பினான் என்று குறித்துவைக்கிற ஒரு ஆச்சியைக் கதாநாயகியாக்க யாருக்கும் தோன்றவில்லையே. நீ எழுது. ஆறு வாரம் இருக்கிறது.

வேராவையும் ஆடுகளையும் நாளைக்கு கூரியரில் போடுகிறேன். கடைசிப் பக்கத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடித்தான் அனுப்புவேன், பிரித்தால் தெரிந்துவிடும். மூன்றாம் மாடி சார் நேற்று மகளோடு வந்து எனக்கு ஒரு பால் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை.

அப்புறம் அந்த ரசம். எப்போது புளிக்கிறது, சூடாக இருக்கும்போதா, ஆறினதுக்கப்புறமா? தக்காளி நாட்டுத் தக்காளியா? யார் வாங்கிவருகிறார்கள்? விவரமாக எழுது, மருமகளைப் பிடிப்பதற்கு முன்னால் உன் பிள்ளையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன்
கோமதி