ஸ்டார்ட் ஆனால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரம் போன நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் எல்லோரும் முதலில் டீசலையும் இன்ஜினையும்தான் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது பேட்டரியில். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டுப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவது பல கட்டடங்களில் வழக்கமாக இருக்கிறது. அன்றைக்குக் கிளம்பியது என்பதைத் தவிர அந்த 'சரி' வேறொன்றையும் சொல்லாது.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியைச் சார்ஜரிலிருந்து விலக்கிச் சில மணி நேரம் சும்மா விட்டபின் அளந்தால், முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்தால் பொய்யான உயரம் தெரியும். ஆனால் 12.6 காட்டும் பேட்டரியும் செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்கும்போது படுத்துவிடலாம். ஆகவே வோல்ட் மீட்டரை பேட்டரியின் டெர்மினலில் (முனையில்) வைத்தபடியே ஒருவர் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தச் சில நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சார்ஜ் நிறைந்திருந்தும் பேட்டரி நலிந்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி முனையில் மீட்டரின் ஒரு கம்பியும் அதே முனையின்மேல் கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மறு கம்பியும் வைத்து, செல்ஃப் ஓடும்போது அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியைக் குறை சொல்லாமல் முதலில் இணைப்பைச் சுத்தம் செய்யுங்கள். உப்புப் பூத்த டெர்மினலுக்காக நல்ல பேட்டரியைத் தூக்கிப்போடுவது அடிக்கடி நடக்கிறது.

மூடி திறக்கும் பேட்டரி என்றால், உள்ளிருக்கும் ஆசிட் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி அறை) சுமார் 1.265 முதல் 1.280 வரை காட்டும். பாதி சார்ஜில் 1.190 அளவுக்கு இறங்கும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் அளக்கக்கூடாது. புதுத் தண்ணீர் மேலேயே நிற்பதால் ரீடிங் தவறும். சார்ஜ் ஏறிக் கலந்தபிறகே பார்க்க வேண்டும்.

மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் இரும்பும் உள்ளுக்குள்ளேயே சார்ஜைத் தின்னும். 'பவர் ஏறட்டும்' என்று ஆசிட் ஊற்றுவது அதைவிடக் கேடு. ஆவியாகியும் வாயுவாகப் பிரிந்தும் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. மேலும் ஆசிட் சேர்த்தால் ஹைட்ரோமீட்டர் அழகான எண் காட்டும், தகடுகள் அரிக்கப்படும். கீழே கசிந்து கொட்டிப்போயிருந்தால் மட்டுமே விதிவிலக்கு, அதையும் விவரம் தெரிந்தவரே செய்ய வேண்டும். தகடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால், முழு மட்டத்தைச் சார்ஜ் ஏறிய பிறகு நிரப்புங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் திரவம் விரிந்து வழியும்.

கழற்றும் வரிசையில்தான் விபத்துகள் நடக்கின்றன. முதலில் கன்ட்ரோல் பேனலை ஆட்டோவிலிருந்து ஆஃப் நிலைக்கு மாற்றி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். இல்லையென்றால் கை உள்ளே இருக்கும்போது கரன்ட் போனால் இன்ஜின் தானாகக் கிளம்பும். அடுத்து சார்ஜருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு நெகட்டிவ், அதன்பின் பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் இன்ஜின் பாடியோடு சேர்ந்தே இருக்கிறது. அது மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் பழுக்கும். அந்தப் பொறி ஒன்றே போதும், மேலே தேங்கிய ஹைட்ரஜன் வெடிக்க. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும், அதற்கு மணமும் இல்லை. அதனால் சார்ஜ் ஏறும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது, மோதிரமும் கைச்சங்கிலியும் கழற்றப்பட வேண்டும். வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போதும் கடைசிக் கிளிப்பை இறந்த பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜின் உலோகத்தில் மாட்டச் சொல்வது இதனால்தான்.

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணில் சோடா போடக்கூடாது. தரையில் சிந்தியதற்குத்தான் சமையல் சோடா. நுரை நிற்கும்வரை தூவிப் பிறகு கழுவலாம். துணியில் பட்ட துளியை அலட்சியம் செய்யாதீர்கள். தண்ணீர் காயக் காய ஆசிட் கெட்டிப்பட்டுத் துணியை ஓட்டை போடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அறையிலேயே தொங்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்து பயனில்லை.

24 வோல்ட் செட்டில் இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழசும் புதுசும் தொடரில் சேர்ந்தால் சார்ஜ் சமமாக ஏறாது, புதுசும் சீக்கிரம் போய்விடும். சீல் செய்த பேட்டரிக்கு மாறினால் சார்ஜர் செட்டிங்கையும் மாற்ற வேண்டும். அதிக வோல்ட்டில் அது உள்ளே வறண்டுவிடும், தண்ணீர் ஊற்ற வழியும் இல்லை.

இனி அந்த ஐந்து நிமிட ஓட்டம். லோடு இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜினில் சிலிண்டருக்குப் போதிய சூடு வராது. எரியாத டீசல் இன்ஜெக்டர் முனையிலும் வால்விலும் கரியாகப் படிந்து, புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்புப் பிசுக்காக வெளியே வரும். அதை ஆயில் லீக் என்று நினைத்து கேஸ்கெட் மாற்றுபவர்கள் உண்டு! மாதம் ஒருமுறையாவது, இன்ஜின் திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அணைக்குமுன் லோடை எடுத்துவிட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும், டர்போ உள்ள இன்ஜினுக்கு இது கட்டாயம். கிளம்பவில்லை என்றால் செல்ஃபை ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் இழுக்காதீர்கள், இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். மூன்று முறைக்குப் பின்னும் கிளம்பாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஆயில், ஃபில்டர் எல்லாம் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் மாற்ற வேண்டியவை. ஓடாமலே இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். டீசல் டேங்கைப் பாதியில் விட்டால் உள்ளே ஈரம் வியர்த்து அடியில் தண்ணீர் சேரும்; டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டரில் அதை வடித்துவிடுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் என்பதால் புகைக்குழாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் திறக்கக்கூடாது. சேஞ்ச் ஓவர் (வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் பிளக் வழியாகக் கட்டடத்துக்கு மின்சாரம் ஏற்றினால் வெளியே லைனில் வேலை செய்பவர் சாவார்.

கட்டட நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டிலிருந்து 'சரி' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஸ்டார்ட் ஆகும்போது இறங்கிய வோல்ட், ஆறு செல்லின் ரீடிங், ஓட்டிய லோடு, ஓடிய நிமிடம், பேட்டரி பொருத்திய மாதம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் வோல்ட் மாதாமாதம் 10.8, 10.4, 10.1 என்று இறங்கிவந்தால், 9.6 வரும்வரை காத்திருக்காமல் பேட்டரிக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஜெனரேட்டர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்