என்னை வேலைக்குள் விட்டவர்களுக்கு

அன்புடையீர்,

பட்டம் முடித்த பிறகு, போன இடமெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். யாராவது உள்ளே விட்டால்தானே அனுபவம் வரும்? கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் கடன் பிரிவில் பயிலுநராக இருந்து, இப்போது சேவைச் சான்றிதழ் கையில் வைத்திருக்கிறேன். என்னை உள்ளே விட்டவர்களுக்கு எழுதும் நன்றி மடல் இது.

எனக்குப் பார்வை போனது 2009இல், மாத்தளனில். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

அரச வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்துவிட்டது. வேலைக்கு எடுக்கும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது. ஆனாலும் ஓரிடத்தில் நேர்முகத்துக்குப் போனபோது, கேள்விகளை எல்லாம் கூட வந்த அப்பாவிடமே கேட்டார்கள். பட்டதாரி நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

முகாமையாளர் சேர், நீங்கள் அப்பாவை வெளியே இருத்தித் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "பிள்ளை, கொம்பியூட்டரில என்னென்ன செய்வீங்கள்? என்ன வசதி வேணும்?" என்று என்னிடமே கேட்டீர்கள். என்விடிஏ மென்பொருளும் ஒரு ஹெட்ஃபோனும் போதும் என்றேன். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ இலவசம்தான்; தமிழும் வாசிக்கும். அன்றைக்கே போட்டுத் தந்தீர்கள்.

சிக்கல் வந்தது பாமினியால். பழைய கோப்புகள் நிறைய அந்த எழுத்துருவில் இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'கடன்' என்று இருக்கும் இடத்தில் என் காதில் விழுவது எஃப், எல், டி, அரைப்புள்ளி. கடன் பிரிவு அக்கா, மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து நிலுவைப் பட்டியல்களை, என்விடிஏ தமிழாகவே வாசிக்கக்கூடிய யுனிகோடுக்கு மாற்றித் தந்தது நீங்கள். மாற்றும்போது உடைந்த எழுத்துகளை நீங்கள் பார்த்தும் நான் கேட்டும் சரிசெய்தோம். அப்படி ஒருநாள், இரண்டு தரம் பதிந்திருந்த ஓர் அங்கத்தவரின் பெயர் என் காதில் பிடிபட்டது. அதற்குப் பிறகு பட்டியலைக் கடைசியாகச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்று சேரிடம் நீங்களே சொன்னீர்கள். இரக்கப்பட்டுச் சும்மா இருத்தி வைக்காமல், பிழைத்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டிய வேலையைத் தந்தீர்களே, அதை மறக்கமாட்டேன்.

நிலுவை கேட்டுத் தொலைபேசியில் பேசும் வேலையும் எனக்கே வந்தது. "தங்கச்சி, காலபோக நெல்லு வித்த கையோட கட்டுறன்" என்று சொன்ன அங்கத்தவர்களே, நான் யாரென்று தெரியாமலே என்னை ஓர் அலுவலராக நடத்தினீர்கள்.

விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக ஓடும் பஸ்ஸின் நடத்துநர் அண்ணைமாருக்கும் நன்றி. இறங்கும் இடத்தைச் சத்தமாகச் சொன்னதோடு நிற்காமல், பஸ்ஸை வீதியோரம் ஒட்டியே நிறுத்துவித்தீர்கள். பிரெயிலும் துணிவும் தந்த, பார்வையற்றோருக்கான இல்லமான சுன்னாகம் வாழ்வகத்துக்கும், விரிவுரைக் குறிப்புகளைக் குரலில் பதிந்து தந்த தோழிகளுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள்.

அடுத்த பயிலுநராகச் சக்கர நாற்காலியில் வரும் ஒரு தம்பியை எடுத்திருக்கிறார்கள். அவருக்காக வாசற்படிக்குப் பக்கத்தில் சீமெந்துச் சாய்தளம் கட்டியாகிவிட்டது. முதலில் கட்டியது செங்குத்தாக இருக்கிறது என்று தம்பி சொன்னதும், முகம் சுளிக்காமல் உடைத்து, நீட்டித் திரும்பக் கட்டித் தந்த மேசன் ஐயாவுக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
கடன் பிரிவின் முன்னாள் பயிலுநர்
விசுவமடு