படக்குறிப்பில் விடுபட்ட பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யப் புரட்சியையும் சினிமாவையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாம் முறை எரிச்சலில். கட்டுரையின் நடுவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம். தலையைக் குனிந்து பிலிம் துண்டு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். கீழே, ‘படத்தொகுப்பு மேசையில் ஒரு பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள். என் எரிச்சல் அந்த வரியில்தான் தொடங்கியது.

நான் கோடம்பாக்கத்தில் 22 ஆண்டுகள் படத்தொகுப்பு உதவியாளராக இருந்தவன். பிலிமைச் சுரண்டி, சிமெண்ட் என்று நாங்கள் சொல்லும் பிலிம் பசையைத் தடவி, அழுத்திப் பிடித்து ஒட்டியே விரல் நுனி தேய்ந்தவன். ஓரத்தில் மட்டும் விரல் படும்படி அந்தப் பெண் பிலிமைப் பிடித்திருப்பதைப் பார்த்தாலே போதும், தொழில் தெரிந்த கை என்று சொல்லிவிடுவேன். அவர் யார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

கட்டுரையாளர் சொல்வதைச் சுருக்கினால், 1917இல் புரட்சி வந்தது, பிறகு ஐசன்ஸ்டைன் என்ற மேதை இயக்குநர் வந்தார், மான்டாஜ் (துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதிய பொருளை உண்டாக்கும் கலை) பிறந்தது என்று முடிந்துவிடுகிறது. ஐசன்ஸ்டைன் மேதைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் காமிராவைத் தொடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. தொடக்கி வைத்தது பஞ்சம். சோற்றுப் பஞ்சத்தோடு சேர்ந்து வந்த பிலிம் பஞ்சம்.

கச்சா பிலிமுக்கு ரஷ்யா வெளிநாட்டையே நம்பியிருந்தது. உள்நாட்டுப் போரும் முற்றுகையும் வந்ததும் அது நின்றுபோனது. பழைய பட முதலாளிகளில் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே போய், அங்கிருந்து பாரிசுக்குப் போய்விட்டார்கள். வெளியிலிருந்து பிலிம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஜாக் சிப்ராரியோ என்ற வியாபாரியை நம்பிப் புதிய அரசு பத்து லட்சம் டாலரை ஒப்படைத்தது. பணம்தான் போனது. 1919 ஆகஸ்ட் 27 அன்று லெனின் கையெழுத்திட்டுத் திரைப்படத் தொழிலை அரசுடைமை ஆக்கியபோது, உடைமையாக்கிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

அதே ஆண்டில் மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி திறந்தார்கள், பிலிமே இல்லாத திரைப்படப் பள்ளி! அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த லெவ் குலெஷோவுக்கு இருபது வயதுதான். மாணவர்களை மேடையில் ஏற்றி, ‘பிலிம் இல்லாத படங்கள்’ என்று நடிக்க வைத்தார். ஒரு காட்சி, திரை, அடுத்த காட்சி, மறுபடி திரை. வெட்டி ஒட்டுவதை இப்படித்தான் அவர்கள் உடம்பால் பழகினார்கள். கிடைத்த சிறு துண்டுகளையும் பழைய படங்களின் மிச்சங்களையும் வைத்துக்கொண்டு, எதை எதனோடு சேர்த்தால் என்ன பொருள் வருகிறது என்று துழாவினார்கள். மாஸ்கோவில் நடந்துபோகும் இருவர் ஏறிட்டுப் பார்க்கிறார்கள், அடுத்த துண்டில் வாஷிங்டன் வெள்ளை மாளிகை. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே தெருவில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. கையில் தாராளமாகப் பிலிம் இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இங்கே ஒரு திருத்தம். நடிகர் மொஸ்ஜூகினின் சலனமற்ற முகம், ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு குழந்தை, அடுத்து வரும் துண்டுக்கு ஏற்ப அதே முகம் வேறு வேறு உணர்ச்சியைக் காட்டுவதாகப் பார்ப்பவனுக்குத் தோன்றும் என்ற குலெஷோவின் புகழ்பெற்ற சோதனையை, ஏதோ நேரில் பார்த்துவிட்டு வந்தவர்போலக் கட்டுரையாளர் விவரித்திருக்கிறார். அந்தப் படச்சுருள் கிடைக்கவில்லை. சூப்பும் சவப்பெட்டியும் குழந்தையும் குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த பட்டியல். குலெஷோவே பின்னாளில் சொன்னவை இதோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. பாடநூல்களில் ஏறிவிட்டதால் யாரும் கேட்பதில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத பெயர் எஸ்ஃபிர் ஷுப். 1922 முதல் அரசுப் பட நிறுவனத்தில் இவருடைய வேலை, வெளிநாட்டிலிருந்து வரும் படங்களைச் சோவியத் பார்வையாளர்களுக்கு ஏற்றபடி வெட்டி மாற்றுவது. பேசாப் படங்களின் நடுவே வசனமும் விளக்கமும் காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றுவார், காட்சிகளின் வரிசையை மாற்றுவார், சில நேரம் கதையையே மாற்றிவிடுவார். தணிக்கை வேலைதான், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் படத்தை இன்னொருவர் பிரித்து வேறு படமாகக் கோக்கும்போதுதான், ஒரு துண்டுக்கென்று நிலையான பொருள் கிடையாது என்பது கைக்குத் தெரியும். 1924இல் ஃபிரிட்ஸ் லாங்கின் இரண்டு பாக ‘டாக்டர் மாபூஸ்’ படத்தை அவர் ஒரே படமாகச் சுருக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட நாடகக்கார இளைஞர்தான் ஐசன்ஸ்டைன். தம் முதல் முழுநீளப் படமான ‘வேலைநிறுத்தம்’ படத்தை அவர் எடுத்தது அதற்குப் பிறகு. உங்கள் கட்டுரையின் ‘மேதை வந்தார்’ என்ற வரிக்கு முன்னால் இந்த மேசையையும் போட்டிருக்கலாம்.

ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொடெம்கின்’ பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. இரண்டு சிறு பிழைகள். படத்தில் உறங்கி, விழித்து, எழும் கற்சிங்கம் கதை நடக்கும் ஒடெசா நகரத்துச் சிங்கம் இல்லை. அவை க்ரிமியாவில் அலுப்கா அரண்மனையின் மூன்று தனித்தனிச் சிலைகள். ஒட்டியதால்தான் ஒரே சிங்கம் எழுந்து நிற்கிறது. படிக்கட்டுப் படுகொலையும் படத்தில் காட்டுவதுபோல் அந்தப் படிகளில் நடந்தது இல்லை. 1905இல் ஒடெசாவில் மக்கள் சுடப்பட்டார்கள், ஆனால் துறைமுகப் பகுதியில், இரவில். இன்று அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் படிக்கட்டைத்தான் தேடிப் போகிறார்கள்.

தொழில்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1925 டிசம்பர் 21 அன்று பல்ஷோய் அரங்கில் படம் ஓடத் தொடங்கிய பிறகும் கடைசிச் சுருளின் வேலை முடியவில்லையாம். ஒட்டாமல் விட்ட துண்டுகளை எச்சில் தொட்டு ஒட்டியிருந்ததாகவும், அது அறுந்துபோகாமல் ஓடியதாகவும் ஐசன்ஸ்டைனே நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சிமெண்ட் சரியாகக் காயாத ஒட்டே புரொஜெக்டரின் பற்சக்கரத்தில் பிய்த்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய படத்தொகுப்பாளர் சொல்லும் கதையிலும் கொஞ்சம் மான்டாஜ் இருக்காதா என்ன.

ஷுப்புக்குத் திரும்புகிறேன். 1926இல் லெனின்கிராடு போய், ஈரத்தில் கிடந்த பழைய செய்திப்படச் சுருள்களையும் ஜார் மன்னரின் அரண்மனைப் படமெடுப்பாளர்கள் எடுத்துவைத்தவற்றையும் தேடிப் பார்த்தார். பார்த்தது 60,000 மீட்டர் பிலிம். அதிலிருந்து 1927இல் ‘ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ வந்தது, சுமார் 1,500 மீட்டர். புதிதாக நடிக்க வைத்த காட்சி என்று எதுவும் கிடையாது. கப்பல் தளத்தில் பிரபுக்களும் சீமாட்டிகளும் ஆடுகிறார்கள். வியர்க்கும் வரை ஆடுவதாக ஓர் எழுத்து அட்டை. அடுத்த துண்டில் மண்ணோடு மல்லுக்கட்டும் கூலியாள் நெற்றியைத் துடைக்கிறார். ஆட்டத்தைப் படமெடுத்தவர் மன்னரைக் குளிர்விக்கத்தான் எடுத்திருப்பார். அவருடைய பிலிமே அவருடைய எசமானுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. சிங்கச் சிலைகளைவிட எனக்கு இதுதான் பெரிய மான்டாஜ்.

இனி அந்தப் படத்தில் இருப்பவர். அவர் பெயர் எலிசவெத்தா ஸ்விலோவா. நீங்கள் போட்டிருப்பது 1929இல் வெளியான ‘மூவி காமிராவுடன் ஒரு மனிதன்’ படத்தில் வரும் காட்சி. இயக்கியவர் ஸீகா வெர்த்தோவ், படம்பிடித்தவர் வெர்த்தோவின் தம்பி மிகயில் காஃப்மன், தொகுத்தவர் ஸ்விலோவா. படத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரை சட்டென்று உறைந்து நிற்கும். பிறகு குழந்தை முகங்கள், அசையாமல், வெறும் பிலிம் சட்டகங்களாக. ஸ்விலோவா அடுக்கிலிருந்து ஒரு சுருளை எடுக்கிறார், பார்க்கிறார், வெட்டுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த முகங்களுக்கு உயிர் வந்து சிரிக்கின்றன. யார் கையால் அவை அசைகின்றன என்பதை வெர்த்தோவே படத்துக்குள் காட்டிவிட்டார். நீங்களோ ‘ஒரு பெண்’ என்று எழுதிவிட்டீர்கள்.

சிறுமியாக இருந்தபோதே மாஸ்கோவில் பிலிம் வேலைக்குப் போனவர் ஸ்விலோவா. வெர்த்தோவின் ‘கினோ பிராவ்தா’ செய்திப்படங்களில் உழைத்தார். 1945இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமைப் பற்றிய ஆவணப்படத்தைத் தாமே இயக்கினார். 1954இல் வெர்த்தோவ் இறந்த பிறகு அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கட்டிக் காத்தவரும் இவர்தான். ‘வெர்த்தோவின் மனைவி’ என்று போடாமல் விட்டதற்கு மட்டும் உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இடம் குறைவு என்றால் என் கடிதத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான். பெயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படத்தொகுப்பு உதவியாளர்,
சென்னை - 24