வாரத்துக்கு இரண்டு நாள் டீச்சர்

ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் நாளில் மாற்றுத்திறனாளி மாணவர்கள் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒரு வரி போடுவீர்கள். முதல் மதிப்பெண் செய்திகளை விட்டுவிட்டு நான் அந்த வரியைத்தான் தேடுவேன். என் பையனுக்கு மூளை முடக்குவாதம். வடசென்னையில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். சிறப்பாசிரியர் என்றால் தையல், ஓவியம், உடற்கல்வி டீச்சர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் மாமியார்கூட முதலில், "பையனுக்கு எதுக்குத் தையல்?" என்று கேட்டார். இவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் வேறு பள்ளிகள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதும் இவர் வேலைதான். பை நிறைய அட்டையும் மணியும் களிமண்ணுமாக இரண்டு பஸ் மாறி வருகிறார்.

என் பையனின் விரல்கள் பென்சிலைப் பிடிக்காது, நழுவிவிடும். டீச்சர் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, பென்சில் மேல் கட்டைவிரல் பருமனுக்குச் சுற்றிக் கொடுத்தார். எழுத்துக்கு முன்னால் பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னார். அப்புறம் சட்டைப் பொத்தான். 'ப' எழுத ஏழு மாதம் ஆனது. கோணல் 'ப'தான், ஆனால் அவனே எழுதியது. புதன்கிழமை போய்ப் பார்த்தால் கடைசி பெஞ்சில் நோட்டுத் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வகுப்பு டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இன்னும் நாற்பது பிள்ளைகள்.

சட்டத்தில் குறை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. உச்ச நீதிமன்றம் 2021-லேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது: தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்றும் சொன்னது. மாநிலங்கள் அசையவில்லை என்று 2025 மார்ச்சில் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது.

எங்கள் பள்ளியில் இப்படி ஏழு பேர். பக்கத்துத் தெருப் பள்ளியில் நான்கு பேர். இரண்டுக்கும் சேர்த்து ஒருவரை முழுநேரமாகப் போட்டால் தினமும் நடந்தே போய் வந்துவிடுவார். இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய திட்டமோ வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலையே ஒப்பந்தத்தில் ஓடுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியை ஒன்றிய அரசு 2024-ல் நிறுத்திவைத்தபோது பத்திரிகையெல்லாம் மும்மொழிக் கொள்கைச் சண்டைதான். அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்கும் இவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? நிரந்தரம் இல்லாத வேலையில் எவ்வளவு நாள் இருப்பார்கள்? இதற்கு முன்னால் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். புது டீச்சர் பக்கத்தில் உட்காரவே என் பையனுக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதம் எந்தப் பதிவேட்டிலும் வராது.

பொதுத் தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். நல்ல சலுகை, மறுக்கவில்லை. ஆனால் விடையை வாயால் வரிசையாகச் சொல்வதற்கும் பல வருடப் பழக்கம் வேண்டும். அதை வாரத்துக்கு இரண்டு நாளில் எப்படிப் பழக்குவது?

வருகிற ஜூனில் பையன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறான். அங்கே யார் வருவார், எந்தக் கிழமை வருவார் என்று கேட்டேன். "பள்ளி திறக்கட்டும்மா, பார்க்கலாம்" என்றார்கள். சரி. டியூப் சுற்றிய பென்சில் நான்கு செய்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை