திருச்சியிலிருந்து அரிச்சல்முனை வரை: ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

தை மாதத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாள்களில், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 250 கி.மீ. மிதிவண்டி மிதித்துச் சென்ற 19 பேரில் நானும் ஒருவன். வழியில் எங்களுக்கு உதவிய பலருடைய பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டதால், அவர்களுக்குச் சேர வேண்டிய நன்றியை இப்படிப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

முதல் நாள் பெரிய சிரமம் எதையும் தரவில்லை. திருமயம் கோட்டையைத் தாண்டிய பிறகு, தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் குழுவினருக்காகப் போட்டிருந்த ஒரு பந்தலில், யாத்திரைக்காரர்கள் அல்லாத எங்களையும் கூப்பிட்டு நீர்மோரும் புளியோதரையும் கொடுத்தார்கள். தேவகோட்டையில் முன்கூட்டியே பேசி வைத்திருந்த விடுதி கடைசி நேரத்தில் கைவிட்டபோது, அன்று விசேஷம் ஏதும் இல்லாத தம் திருமண மண்டபத்தைத் திறந்துவிட்டு, துப்புரவுக் கூலியைத் தவிர ஒரு ரூபாயும் வாங்க மறுத்த பெரியவருக்கு எங்கள் முதல் வணக்கம்.

இரண்டாம் நாள் காலை, ஆர்.எஸ்.மங்கலத்தை நெருங்கும்போது என் பின்சக்கரம் இறங்கியது. கையிலிருந்த மாற்று ட்யூபைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன், 3 கி.மீ.கூடப் போயிருக்க மாட்டேன், அதுவும் இறங்கிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையோரப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ட்யூபைத் தொடவே இல்லை. டயரைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சை எடுத்து அதன் உட்புறத்தில் மெதுவாக ஒரு சுற்று தேய்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பஞ்சு இழை சிக்கி நின்றது. அங்கே நுனி மட்டும் தெரிந்த ஒரு சீமைக் கருவேல முள்ளை இடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, “முள்ளை உள்ளேயே வச்சுக்கிட்டு ட்யூபை மட்டும் மாத்துனா எப்படித் தம்பி?” என்று கேட்டார். அதற்குப் பிறகே இரண்டு ட்யூபுகளையும் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தி ஓட்டை பார்த்து ஒட்டுப்போட்டார். அவருடைய காற்றடிக்கும் இயந்திரத்தின் முனை எங்கள் வண்டிகளின் மெல்லிய வால்வில் பொருந்தாது என்பதால், எங்கள் கைப்பம்பை வாங்கித் தாமே அடித்தும் கொடுத்தார். நான்கு ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டுகிறேன் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இராமநாதபுரத்தைத் தாண்டிச் சாலை கிழக்கே திரும்பியதும், அதுவரை இடது தோளில் பட்டுக்கொண்டிருந்த வாடைக்காற்று முகத்துக்கு நேராக வந்துவிட்டது. எதிர்காற்றில் முன்னால் செல்பவர் காற்றை வெட்டிக் கொடுக்க, அவர் சக்கரத்தை ஒட்டியே பின்னால் வருபவருக்குப் பாடு பெருமளவு குறையும். அதனால்தான் ஆளுக்கு 2 கி.மீ. என்று முறை வைத்து ஓட்டுவது எங்கள் வழக்கம். உச்சிப்புளி அருகே தொடை பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் துணையாக வந்த வேனில் ஏறிவிடலாம் என்று நான் நின்றபோது, எங்கள் குழுவிலேயே மூத்தவரும் அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுமான டீச்சரம்மா, “என் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கிட்டு வா” என்று சொல்லி, மண்டபம் வரை என் முறையையும் சேர்த்து அவரே முன்னால் மிதித்தார். உருவத்தில் அவர் என்னைவிடச் சிறியவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நான் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. டீச்சர், அன்று மூச்சு வாங்கியதில் சொல்ல விட்டுப்போன நன்றியை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில், புதிய ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்தியிருந்த வண்டிகளுக்கும் பக்கவாட்டுக் காற்றுக்கும் இடையே நாங்கள் தள்ளாடியபோது, விளக்குகளை மினுக்கியபடி எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த வேன் ஓட்டுநர் அண்ணனுக்கும், அவருக்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் பொறுத்திருந்த பேருந்து ஓட்டுநர்களுக்கும் நன்றி. மாலையில் தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்களை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பதற்றத்தோடு வந்து சேர்ந்த எங்களைப் பார்த்து, “இருட்டுறதுக்குள்ள திரும்பிடணும்” என்று கண்டிப்போடு சொல்லி வழிவிட்ட காவலருக்கும் நன்றி. சொன்னபடியே திரும்பிவிட்டோம், ஐயா.

கடைசியாக, குழு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மெல்லிய வால்வின் மேல் திருகிக்கொண்டால் சாதாரணக் காற்று இயந்திரத்திலேயே அடிக்க உதவும் பித்தளை இணைப்பான்கள் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து அந்தப் பக்கம் போகிறவர் என்னிடம் வாங்கிச் சென்று பஞ்சர் கடைக்காரரிடம் சேர்த்துவிட வேண்டும். தேவகோட்டையிலிருந்து போகும்போது இடது பக்கம், வேப்பமரத்தடியில், கூரையில் பழைய டயர் தொங்கும் கடை.

இப்படிக்கு,
பத்தொன்பது பேரில் ஒருவன்