பிலிப்பைன்ஸ்னா புயலும் எம்பிபிஎஸ் சீட்டும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மணிலாவுல, மகாட்டி ஏரியாவுல ஒரு ஆபீஸ்ல வேலை பாக்குறேன், உங்க பேப்பர நெட்ல ஒரு நாள் விடாம படிக்கிறவன், அந்த உரிமையிலதான் இத எழுதுறேன். நான் பாத்த வரைக்கும் பிலிப்பைன்ஸ் பத்தி உங்க பேப்பர்ல நியூஸ் வர்றது ரெண்டு சமயத்துலதான், ஒன்னு புயலோ பூகம்பமோ வந்து உயிர் போனா, இன்னொன்னு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட கம்மி செலவுல அங்க போய் டாக்டருக்குப் படிக்கலாம்னு. ரெண்டுமே பொய் இல்ல. ஆனா 11 கோடி பேருக்கு மேல இருக்குற ஒரு நாட்டுல, நம்ம வீட்டுப் பசங்க வயசுல இருக்குற ஒரு பொண்ணோ பையனோ காலைல எந்திரிச்சா என்ன பண்றாங்க, சம்பளம் வந்தா எங்க போகுது, லீவு கெடச்சா எங்க ஓடுறாங்கன்னு ஒரு வரி கூட வர்றதில்லையே சார். அது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

எங்க டீம்ல ஒரு பொண்ணு இருக்காங்க, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், அக்கவுண்ட்ஸ் படிச்சு போர்டு எக்ஸாம், அதாவது தொழில் லைசன்ஸுக்கான அரசாங்கப் பரீட்சை, பாஸ் பண்ணவங்க. இங்க யாராவது போர்டு எக்ஸாம் பாஸ் பண்ணிட்டா அவங்க தெருவுல ஃபோட்டோ போட்டு பெரிய பேனர் கட்டிடுவாங்க, கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸ் மாதிரி, தெருவே அந்தப் புள்ளைய தன் புள்ளையா நெனைக்கும். அவங்க சொந்த ஊர் பம்பாங்கா மாகாணத்துல பக்கோலோர். 1991ல பினாட்டுபோ எரிமலை வெடிச்சப்போ மலை மேல குவிஞ்ச சாம்பல் அதுக்கப்புறம் வருஷா வருஷம் மழையோட சேறா இறங்கி வந்து, 1995ல அந்த ஊரையே மூடிடுச்சு. அங்க இருக்குற சான் கில்லெர்மோ சர்ச் பாதி உயரத்துக்கு மண்ணுக்குள்ள போயிடுச்சு. இன்னைக்கும் அந்தப் பாதி சர்ச்லதான் பூசை நடக்குது, பழைய ஜன்னல் வழியாதான் உள்ள போறாங்க. எரிமலை வெடிச்சா நியூஸ் போடுறோம் சரி, ஆனா அந்த ஊர்ல அதுக்கப்புறம் பொறந்து வளந்து அதே சர்ச்ல ஞானஸ்நானம் வாங்கி மணிலாவுக்கு வேலைக்கு வந்த ஒரு தலைமுறை இருக்கே, அவங்க கதைய யாரு எழுதுறது?

எங்க வேலை அமெரிக்கா நேரத்துக்கு, அதனால ராத்திரிலதான். நியூயார்க்ல காலைல 9 மணின்னா இங்க ராத்திரி 9, குளிர் காலத்துல 10, அதனால மகாட்டி அயாலா அவென்யூவும் தகுய்க் பக்கம் இருக்குற போனிஃபாசியோ குளோபல் சிட்டியும் நடுராத்திரில பட்டப்பகல் மாதிரி இருக்கும், காபி கடைல இடம் கெடைக்காது. ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் வேலை பாத்தா அந்த நேரத்துக்கு குறைஞ்சது 10 சதவீதம் கூடுதல் சம்பளம் தரணும்னு சட்டமே இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா ரோட்டோரக் கடைல பூண்டு போட்டு வறுத்த சோறு, முட்டை, மாட்டிறைச்சி, அதான் அவங்களுக்கு டிபன், நமக்கு எப்படி இட்லியோ அப்படி சோறு இல்லாம அவங்களுக்கு எந்த வேளையும் கிடையாது. அப்புறம் ட்ரெயினுக்கு கியூ. எட்சா ரோட்டு மேல ஓடுற எம்ஆர்டி 3 லைன்ல காலைல நிக்கிற கூட்டத்தப் பாத்தா மலைப்பா இருக்கும், ஆனா அத்தன பேரும் வரிசைல நிப்பாங்க, பெரியவங்களுக்கு வழி விடுவாங்க. ட்ரெயின விட்டு எறங்குனா ஜீப்னி, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு அமெரிக்கா விட்டுட்டுப் போன ஜீப்ப நீட்டி பெயிண்ட் அடிச்சு இவங்களே உண்டாக்குன வண்டி. மினிமம் டிக்கெட்ட 2023ல 13 பெசோவா ஆக்குனாங்க, பெசோங்கறது இந்த நாட்டுக் காசு. காச நீட்டுனா முன்னாடி உக்காந்துருக்கவங்க கை மாத்தி கை மாத்தி டிரைவர் கிட்ட குடுப்பாங்க, சில்லறையும் அதே மாதிரி கை மாறி திரும்பி வரும், ஒரு பெசோ குறையாது.

சம்பள விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இங்கதான் நம்ம வாசகர்களுக்கு ரொம்ப நெருக்கமா இருக்கும்னு நெனைக்கிறேன். மாசத்துக்கு ரெண்டு தடவ சம்பளம், 15ந் தேதியும் மாசக் கடைசியும், அதுவும் சட்டம்தான், 16 நாளுக்கு மேல இடைவெளி விடக் கூடாது. வருஷத்துக்கு 2,50,000 பெசோ வரைக்கும் வருமான வரி கிடையாது. சம்பளம் ஏறுன அன்னைக்கு சாயங்காலமே ஜிகேஷ் ஆப்ல வீட்டுக்கு பணம் போயிடும். அந்தப் பொண்ணு மூத்தவங்க, கீழ ரெண்டு தம்பிங்க. அரசாங்கக் காலேஜ்ல டியூஷன் ஃபீஸ் கிடையாதுன்னு 2017ல சட்டம் வந்துடுச்சு, அதனால ஒரு தம்பிக்கு ஃபீஸ் பிரச்சனை இல்ல, ஆனா ரூம் வாடகை, சாப்பாடு, லேப்டாப், அதெல்லாம் அக்காதான். இவங்க தங்கியிருக்கறது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்குற இடத்துல, ஒரே ரூம்ல நாலஞ்சு பொண்ணுங்க. இத ஒரு நாள் கூட தியாகம்னு அவங்க பேசி நான் கேட்டதில்ல. மூத்த புள்ளைன்னா அப்படித்தான்னு சாதாரணமா சொல்வாங்க. எனக்கு அதக் கேட்டா பெருமையாவும் இருக்கு கோபமாவும் இருக்கு, ஏன்னா படிச்சு முடிச்ச ஒவ்வொரு மூத்த புள்ளையும் ஒரு குடும்பத்தையே தூக்கணும்ங்கறது அந்தப் புள்ளையோட இருபது வயச மொத்தமா எடுத்துக்குது.

அதுக்காக சேமிப்பு இல்லன்னு நெனைக்காதீங்க. ஆபீஸ்ல பலுவாகன் ஓடுது, அச்சு அசலா நம்ம சீட்டுதான், பத்துப் பேர் போட்டு மாசம் ஒருத்தர் எடுக்குறது. அது போக பாக்-இபிக்னு அரசாங்கத்தோட வீட்டுச் சேமிப்பு நிதி, அதுல எம்பி2ன்னு அஞ்சு வருஷத் திட்டம், 500 பெசோவுல கூட ஆரம்பிக்கலாம், கெடைக்குற லாபத்துக்கு வரி இல்ல. டீ டைம்ல எங்க டீம் சின்னப் பசங்க அதப் பத்திதான் விவரமா பேசிக்குவாங்க.

சந்தோஷத்துக்கு வர்றேன், உங்க பேப்பர் மொத்தமா விட்டுட்டது இதத்தான். மொதல்ல பாட்டு. இந்த ஜனங்களுக்குப் பாடாம இருக்க முடியாது சார், பிறந்தநாளா பாட்டு, ஃபேர்வெல்லா பாட்டு, துக்க வீட்லயும் ராத்திரி முழிச்சிருக்கறதுக்கு பாட்டு. தெருவுல 5 பெசோ காயின் போட்டா ஒரு பாட்டோட இசை ஓடி, நாம கூடவே மைக்ல பாடுற கரோக்கி மெஷின் இருக்கும், வீட்டு விசேஷத்துக்கு அத வாடகைக்கு எடுத்துட்டு வந்துடுவாங்க. கரோக்கி மெஷின 1971ல ஜப்பான்ல டைசுகே இனோவே பண்ணாரு, ஆனா அவரு பேட்டன்ட் எடுக்கல, 1980கள்ல தன்னோட பாட்டு மெஷினுக்கு பேட்டன்ட் வாங்குனது ராபர்ட்டோ டெல் ரொசாரியோங்கற பிலிப்பைன்ஸ்காரர், கோர்ட் வரைக்கும் போய் அந்த உரிமைய நிலைநாட்டுனாரு. நாள் முழுக்க வாயத் தொறக்காம எக்செல் ஷீட் பாக்குற ஒரு பையன் எங்க ஆபீஸ்ல இருக்கான், மைக் கைல வந்துச்சுன்னா ஹால்ல இருக்கறவங்க எல்லாரும் அமைதியாயிடுவாங்க, அப்படி ஒரு குரல்.

அடுத்தது பாஸ்கெட்பால். நம்ம ஊர் சந்துல ஸ்டம்ப் இருக்குற மாதிரி இங்க எந்த சந்துல திரும்புனாலும் ஒரு வளையம் இருக்கும், ரப்பர் செருப்போட ஆடுவாங்க. 1954 உலக சாம்பியன்ஷிப்ல மூணாவது இடம் எடுத்த நாடு இது, 1975லயே ஆசியாவோட முதல் ப்ரொஃபஷனல் லீக் ஆரம்பிச்ச நாடு. 2023 ஆகஸ்ட் 25ந் தேதி உலகக் கோப்பை முதல் நாள் ஆட்டத்துக்கு பிலிப்பைன் அரீனால 38,115 பேர் வந்தாங்க, உலகக் கோப்பை வரலாற்றுலயே அவ்ளோ கூட்டம் வந்ததில்ல. நம்ம தமிழ் பேப்பர்கள்ல அது ஒரு மூலையில கூட வந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

அந்தப் பொண்ணுக்குப் பிடிச்சது வேற, மலையும் மியூசியமும். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சதும் மணிலா குபாவோவுல பஸ் ஏறி பாகியோங்கற மலை ஊரு, அங்கேர்ந்து புலாக் மலை, 2,900 மீட்டர் உயரம், டாக்டர் சர்ட்டிஃபிகேட் இல்லாம ஏற விடமாட்டாங்க. விடியக்காலைல மேல நின்னா கீழ மேகம் கடல் மாதிரி கெடக்கும், அதப் பாக்க இளவட்டங்க கூட்டம் கூட்டமா நடுங்கிக்கிட்டே ஏறுறாங்க. மலைக்குப் போகாத ஞாயித்துக்கிழமை நேஷனல் மியூசியம். 2016லேர்ந்து எல்லாருக்கும் ஃப்ரீ. உள்ள நுழைஞ்சதும் ஹுவான் லூனாங்கற பிலிப்பைன்ஸ் ஓவியரோட ஸ்போலியாரியம், 1884ல மாட்ரிட்ல தங்கப் பதக்கம் வாங்குன ஓவியம், 4 மீட்டருக்கு 7 மீட்டர், செத்துப் போன கிளாடியேட்டர்கள தரையில இழுத்துட்டுப் போற காட்சி. எங்க ஆளுங்க அப்போ எங்கள ஆண்ட ஸ்பெயின்காரங்க கிட்ட பட்ட பாடுதான் இது, ரோம்னு பேரு வச்சு வரைஞ்சுட்டாருன்னு அவங்க எனக்கு விளக்குனாங்க. கைல காசு கம்மியா இருக்குற சின்னப் பசங்களுக்கு இந்த மாதிரி இடம் ஃப்ரீயா கெடைக்கறது எவ்ளோ பெரிய விஷயம், நம்ம அரசாங்கமும் யோசிக்கணும்.

செப்டம்பர் 1ந் தேதி ஆனா இங்க கிறிஸ்துமஸ் ஆரம்பிச்சிடும், நெசமாவே, மால்ல பாட்டு போட்டுடுவாங்க. டிசம்பர் 16லேர்ந்து 24 வரைக்கும் ஒன்பது விடியக்காலை பூசை, முடிஞ்சு வெளிய வந்தா மூங்கில் குழாய்ல வேகவச்ச ஊதா கலர் பூத்தோ பும்போங், சுடச்சுட பிபிங்கா, நம்ம புட்டும் ஆப்பமும் பக்கத்துல வந்து நிக்கிற சாப்பாடு. பம்பாங்கா சான் ஃபெர்னாண்டோவுல ரெண்டு ஆள் உயரத்தையும் தாண்டுன ராட்சச விளக்குகள் இசைக்கு ஏத்த மாதிரி கலர் மாறும். 1975லேர்ந்து பதிமூணாவது மாச சம்பளம்னு ஒன்னு கட்டாயம், டிசம்பர் 24க்குள்ள குடுத்தாகணும், அது கைல வந்ததும் ஞானப் புள்ளைங்களுக்கு கிஃப்ட் வாங்க ஓடுவாங்க. வேலைக்குப் போற பொண்ணுன்னா சொந்தக்காரங்க எல்லாரும் ஞானத்தாயா கூப்பிடுவாங்க, மறுக்கவும் முடியாது!

புயல் பத்தி எழுத வேணாம்னு நான் சொல்லல. வருஷத்துக்கு சராசரியா 20 புயல் இவங்க கடல் எல்லைக்குள்ள வருது, அது செய்திதான். ஆனா புயல் ராத்திரில எந்தத் தெருவுல எவ்ளோ தண்ணின்னு க்ரூப்ல போட்டுக்கிட்டே, மாடிக்கு மாடி ஆளுங்கள ஏத்திக்கிட்டே, நடுவுல லேப்டாப்ல வேலையையும் முடிக்கிற பசங்கள நான் பாத்துருக்கேன். 2021 ஏப்ரல்ல கொரோனா நேரத்துல கேசோன் சிட்டி மகின்ஹாவா தெருவுல ஒரு இளம்பெண் மூங்கில் வண்டில காய்கறி வச்சு, முடிஞ்சத வைங்க, வேணுங்கறத எடுத்துக்கங்கன்னு எழுதிப் போட்டாங்க, கொஞ்ச நாள்லயே நாடு பூரா தெருத்தெருவா அது பரவிடுச்சு. அழிவுக்குக் குடுக்குற இடத்துல பாதி இதுக்குக் குடுத்தா போதும்னுதான் கேக்குறேன்.

வர்ற செப்டம்பர்ல உங்க ஞாயிறு இணைப்புல ஒரு பக்கம் ஒதுக்குங்க சார். ரிப்போர்ட்டர் அனுப்பணும்னு அவசியம் இல்ல, டாவாவ்ல மெடிக்கல் படிக்கிற நம்ம தமிழ்ப் பசங்க நிறைய பேர் இருக்காங்க, மணிலாவுல என்ன மாதிரி வேலை பாக்குறவங்க இருக்கோம், அவங்க கூடப் படிக்கிறவங்க, எங்க கூட வேலை செய்யிறவங்க யாரு, எப்படி வாழுறாங்கன்னு நாங்களே எழுதி அனுப்புறோம், ஃபோட்டோவோட, அவங்கவங்க சம்மதம் கேட்டு. எவ்ளோ வார்த்தைக்குள்ள வேணும், எந்தத் தேதிக்குள்ள அனுப்பணும்னு மட்டும் பேப்பர்ல ஒரு சின்ன அறிவிப்பு போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
மகாட்டி, மணிலா